கோட்டுக்கு மேலே இரண்டு விரல்

ஞாயிற்றுக்கிழமை அவள் போட்ட கோட்டை, புதன்கிழமை காலையில் மண் தாண்டியிருந்தது.

கறுப்பு மார்க்கரால் போட்ட கோடு. சாப்பாட்டு மேஜையின் மேல் வைத்திருந்த பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் வெளிப்பக்கத்தில், அடியிலிருந்து சரியாக ஓர் அடி உயரத்தில், ஸ்கேல் வைத்து இழுத்தது. பெட்டி கண்ணாடி மாதிரித் தெளிவானது. உள்ளே மண் எதுவரை நிற்கிறது என்பது வெளியிலிருந்தே தெரியும். கோடு வரைக்கும் கொட்டி, உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்துவிட்டுக் கை கழுவப் போனது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது மண் கோட்டுக்கு மேலே நின்றது. விரலை வைத்து அளந்தாள். இரண்டு விரல்.

தோண்டிய மண் உப்பத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குழியிலிருந்து எடுத்த மண் அதே குழிக்குள் திரும்ப அடங்காது. பெட்டியின் மூலையில், வெப்ப விளக்குக்குக் கீழே, தட்டையான கல்லின் மேல் கிடந்த மகாராணி ஒரு கண்ணை மட்டும் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

மகாராணி ஓர் ஓணான். முழங்கை நீளம், மணல் நிறம், தாடையைச் சுற்றிலும் தாடி மாதிரி முட்கள். யார் வந்தாலும் அசையாமல் சாய்ந்தபடியே பேட்டி கொடுக்கும் என்பதால் அந்தப் பெயர். பெயர் வைத்தது சிட்டுவின் அம்மா. அதை வாங்கி வந்து வளர்த்ததும் சிட்டுவின் அம்மாதான். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காய்ச்சலில் அந்த அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, அவளுடையது என்று அந்த வீட்டில் மிச்சமிருந்தது இரண்டு உயிர்கள். ஒன்று மகாராணி. இன்னொன்று எட்டு வயதுச் சிட்டு.

இவள் அந்த வீட்டுக்கு இரண்டாவதாக வந்தவள். கல்யாணமாகி ஏழு மாதங்களில் சிட்டு இவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் "தண்ணி வேணும்" என்று சுவரிடம் சொல்வாள். பள்ளி டைரியில் கையெழுத்து வேண்டுமென்றால், பக்கத்தைத் திறந்து இவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். சண்டை போட்டாலாவது சமாதானம் செய்யலாம். இது வாடகைக்கு இருப்பவர்களிடம் காட்டுகிற மரியாதை. அம்மா என்ற வார்த்தைக்கு இவள் ஆசைப்படவில்லை. அது பேராசை என்று தெரியும். சித்தி என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும்.

காது கேட்கும் மிஷின்களைப் பொருத்திக் கொடுக்கிற நிலையத்தில் இவளுக்கு வேலை. ஒருவேளை பிள்ளைக்குக் காதில்தான் குறையோ என்று ஒரு சனிக்கிழமை அங்கே அழைத்துப் போய், சத்தம் புகாத சின்ன அறையில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிக் கையில் பட்டனைக் கொடுத்தாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். எறும்பு நடக்கிற அளவு சத்தத்தைக்கூடச் சிட்டு விடவில்லை. அடுக்குமாடிகளில் லிஃப்ட் பொருத்துகிற வேலையில் மாதத்தில் மூன்று வாரம் வெளியூரில் இருக்கும் கணவரிடம் போனில் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "காது தங்கமா இருக்கு. வாய்தான் லீவுல இருக்கு போல."

அந்தச் சிட்டு முதன்முதலாக இவளை நேருக்கு நேர் பார்த்தது போன வாரம், விலங்கு மருத்துவரின் அறையில். மகாராணி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடித் தொட்டியின் மூலையை நாள் முழுக்கப் பிறாண்டிக்கொண்டிருந்தது. மருத்துவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அதன் வயிற்றை இரண்டு விரலால் வருடிப் பார்த்தார்.

"முட்டை இருக்கும்மா. ஏழெட்டாவது இருக்கும். ஜோடி இல்லாமயே வைக்கும். அவங்க மகாராணி, யாரையும் கேட்க வேண்டியதில்ல." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "தோண்ட இடம் கிடைக்கலைன்னா முட்டைய உள்ளேயே வெச்சுக்கிட்டுச் செத்துப்போயிடும்."

என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். ஓர் அடி ஆழத்துக்கு மணலும் மண்ணும் பாதிப் பாதி. கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அப்போதுதான் சுரங்கம் இடிந்து விழாது. உரம் கலந்த மண் ஆகவே ஆகாது. மண்ணைச் சலித்து, பூச்சி போகச் சூடுபடுத்திக்கொள்ள வேண்டும். தோண்ட ஆரம்பித்துவிட்டால் முட்டையிட்டு முடிக்கிற வரைக்கும் யாரும் கலைக்கக் கூடாது. கலைத்தால் பயந்து முட்டையை அடக்கிக்கொள்ளும். பிறகு பிழைக்காது.

மடியில் ஓணானை வைத்திருந்த சிட்டு திரும்பி இவள் கண்ணைப் பார்த்தாள்.

"செய்வீங்களா?"

அந்த ஒரு வார்த்தைக்காக இவள் மலையையே பெயர்த்துக்கொண்டு வந்திருப்பாள்.

மணல் சுலபமாகக் கிடைத்தது, கட்டட சாமான் கடையில். மண்தான் கிடைக்கவில்லை. கடையில் விற்கிற மூட்டைகள் எல்லாவற்றிலும் உரம். அப்போதுதான் வீட்டின் பின்பக்கத்தில், தகரம் போட்டு மூடிக் கிடந்த சிமென்ட் தொட்டி ஞாபகம் வந்தது. இடுப்பளவு உயரம், நிறைய மண். வந்த புதிதில் அதில் ஏதாவது செடி வைக்கலாமா என்று கேட்டதற்கு, அதில் எதுவும் நட வேண்டாம் என்று மட்டும் கணவர் சொல்லியிருந்தார். ஆக, இத்தனை நாளாக எதுவும் நடாத மண். உரமே படாத மண். இதைவிட நல்ல மண் எங்கே கிடைக்கும் என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பக்கெட் அள்ளிக்கொண்டு வந்தாள்.

சலித்தபோது சல்லடையில் வெள்ளைத் துணுக்குகள் தங்கின. செடிக்குப் போட்ட முட்டை ஓடாக இருக்கும் என்று ஓரமாகத் தள்ளி வைத்தாள். மண்ணைத் தட்டுகளில் பரப்பி, கேக் சுடுகிற ஓவனுக்குள் வைத்து அரை மணி நேரம் சூடேற்றினாள். முதலில் மழை விழுந்த தரையின் வாசனை வந்தது. அது தடித்து, இனித்து, கடைசியில் வெயிலில் காயவைத்த தலைமுடியின் வாசனையைப் போல வீடு முழுக்கப் பரவியது. ஜன்னலைத் திறக்கலாம் என்று திரும்பியவள் சமையலறை வாசலில் சிட்டு நிற்பதைப் பார்த்தாள். கூப்பிடாமல் அவளாகவே அறையை விட்டு வந்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை மெதுவாக, நிறைய நிறைய இழுத்துக்கொண்டிருந்தாள்.

இவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

திங்கட்கிழமை மகாராணி தோண்டத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை அதன் வால்நுனிவரை சுரங்கத்துக்குள் மறைந்தது. பள்ளி விட்டு வந்ததும் சிட்டு நாற்காலியில் மண்டியிட்டு, பெட்டியின் பக்கத்தில் காதை ஒட்டிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மேஜையைப் பெட்டி பிடித்துக்கொண்டதால் இருவரும் சோபாவில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். முதல் முறையாகப் பக்கத்துப் பக்கத்தில்.

புதன்கிழமை, இரண்டு விரல்.

வியாழக்கிழமை, நான்கு.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு மதியமே வந்துவிட்டாள். வெயிலுக்காகத் திரைகள் மூடியிருந்த வீடு, பழுப்பு நிறத் தண்ணீருக்குள் மூழ்கியது மாதிரி இருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் உறுமல், சமையலறைக் குழாயின் சொட்டு, விளக்கின் மெல்லிய ரீங்காரம் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கத் தெரிந்த காது அவளுடையது. அவற்றுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. பெட்டியில்.

மிஷின்களைச் சரிபார்க்க அவளிடம் ஒரு குழாய் உண்டு. மருத்துவரின் ஸ்டெதஸ்கோப் மாதிரிதான், ஆனால் முனையில் வட்டத் தகட்டுக்குப் பதில் காது மிஷினைச் செருக ஒரு ரப்பர் வாய் இருக்கும். பையிலிருந்து அதை எடுத்தாள். இருப்பதிலேயே சக்தியான மிஷினைச் செருகி, பெட்டியின் பக்கத்தில் வைத்து அழுத்தினாள்.

லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம். மகாராணியின் நகங்கள். முன்னங்கால் நாலு இழுப்பு, பின்னங்கால் இரண்டு தள்ளு, கொஞ்சம் ஓய்வு. மறுபடி நாலு, இரண்டு. கேட்கக் கேட்கச் சிரிப்பு வந்தது. இவ்வளவு சின்ன உடம்புக்கு எவ்வளவு வேலை. பிறகு நகங்கள் நின்றன. சுரங்கத்தின் வாயில் முதலில் முள்தாடி தெரிந்தது, பிறகு உடம்பு. மகாராணி தள்ளாடி ஏறிக் கல்லின் மேல் படுத்தது.

சத்தம் நிற்கவில்லை.

நகம் இல்லை இது. அகலமாக, மெத்தென்று, ஒரே இழுப்பு. நீண்ட இடைவெளி. இன்னோர் இழுப்பு. களைத்த ஒருவர் அவசரமில்லாமல் மண்ணை வழித்து வழித்து ஒதுக்குவது போல. மிஷினைக் கீழே நகர்த்தினாள். சத்தம் கூடியது. மேஜைக்குக் கீழே புகுந்து பலகையின் அடியில் வைத்தாள். ஒன்றுமில்லை. திரும்ப எழுந்து பெட்டியின் அடிமூலையில் வைத்தாள். காது அதிர்ந்தது.

பெட்டிக்குக் கீழே எதுவும் இல்லை. ஆனால் சத்தம் பெட்டியை விட ஆழத்திலிருந்து வந்தது.

அப்புறம் இழுப்பு நின்று, தட்டல் தொடங்கியது. மெதுவாக, ஒரே சீராக. தட்டு. தட்டு. தட்டு. பிள்ளையைத் தூங்கவைக்க முதுகில் தட்டுகிற தட்டு.

எப்போது பள்ளி விட்டது என்று தெரியவில்லை. எதிர்ப்பக்கத்தில் சிட்டு பையைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள். அவளுடைய ஆள்காட்டி விரல் பெட்டியின் மேல் இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முறை, அந்தச் சின்ன அறையில் பட்டனை அழுத்தியது போல, விரல் அழுந்தியது.

நிலையத்துக்கு வருகிறவர்களில் சிலர் சத்தமே கொடுக்காதபோதும் பட்டனை அழுத்துவார்கள். கேட்க வேண்டும் என்கிற ஆசையில் அழுத்துவார்கள். அவர்களை அவளுக்குத் தெரியும். அவர்களுடைய அழுத்தம் தாறுமாறாக இருக்கும்.

சிட்டுவின் விரல் ஒரு தட்டைக்கூட விடவில்லை.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கணவருக்குப் போன் செய்தாள். அவருக்குப் பின்னால் டிரில் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் மகாராணியைப் பற்றிச் சொன்னாள், பிறகு மண் உப்புவதைப் பற்றி. எந்த மண் என்று கேட்டார். பின்பக்கத் தொட்டி மண் என்றாள். டிரில் சத்தம் தூரமாகப் போனது. அவர் எங்கோ தள்ளி நடந்து போகிறார் என்று புரிந்தது.

"உன்கிட்ட நான் சொல்லியிருக்கணும்," என்றார். "அதுல அவ இருக்கா."

தகனம் முடிந்து கொடுத்த சாம்பலை வெளியே எங்கேயும் கொண்டுபோகச் சிட்டு விடவில்லையாம். கத்திக் கத்தி மயங்கி விழுந்தாளாம். அதனால் வீட்டோடு இருக்கட்டும் என்று தொட்டி மண்ணில் கலந்து மூடிவிட்டாராம். எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்ததாகவும், புதிதாக வந்தவளிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். சொல்லும்போது அழுதார். முட்டையிட்டதும் திரும்ப அங்கேயே கொட்டிவிடச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவதாகச் சொன்னார்.

"சிட்டுகிட்ட சொல்லாத. பயந்துடுவா."

போனை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். சிட்டு வாசலில் நின்றிருந்தாள். கையில் பென்சில் டப்பா. மூடியைத் திறந்து நீட்டினாள். உள்ளே பஞ்சு விரித்து, அதன் மேல் சல்லடையில் தங்கிய வெள்ளைத் துணுக்குகள். கழுவித் துடைத்து, பெரிது சிறிதாக அடுக்கி வைத்திருந்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள் சிட்டு. "ஓவன்ல வெச்சப்பவே வாசனை வந்துச்சு."

அப்போதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்திருக்கலாம். கை மேஜை வரைக்கும் போனது. மகாராணி மறுபடி சுரங்கத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, வயிறு முட்டைகளால் புடைத்து, பக்கவாட்டில் முண்டு முண்டாகத் தெரிந்தது. இப்போது கலைத்தால் செத்துவிடும். அவள் கையால் செத்துவிடும். சிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் கையை இழுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஒன்பது முட்டைகள். பெட்டியின் தெளிவான சுவரை ஒட்டியே இட்டிருந்தது. கொத்தாக, வெள்ளையாக வெளியிலிருந்தே தெரிந்தன. மகாராணி தோலும் எலும்புமாக வெளியே வந்து, மண்ணை இழுத்துச் சுரங்கத்தின் வாயை மூடியது. மூன்று முறை மூடியது. ஒவ்வொரு முறையும் சற்று நேரத்தில் அந்த இடம் உள்வாங்கி, மறுபடி வாய் திறந்தது. நான்காவது முறை அது மூடப் போகவில்லை. பெட்டியின் எதிர் மூலைக்கு ஓடி, சுவரில் ஒட்டிக்கொண்டு, பயத்தில் தாடி முழுக்கக் கறுத்துப்போய் நின்றது.

மண் இப்போது விளிம்புக்கு ஒரு சாண் கீழே.

சனிக்கிழமை. மதியம். வெளியே இருட்டிக்கொண்டு மழை வரப் பார்த்தது. மகாராணியை எடுத்து அதன் பழைய கண்ணாடித் தொட்டியில் விட்டாள். தன் அறையில் இருக்கும்படியும் மண்ணைத் தொடக் கூடாது என்றும் சிட்டுவிடம் சொன்னாள். சிட்டு தலையாட்டினாள். கெட்டிக்காரப் பிள்ளை, எப்போதும் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. பக்கெட்டை எடுத்துக்கொண்டு, முதலில் தொட்டியைத் திறந்துவைக்கப் பின்பக்கம் போனாள்.

அள்ளியது மூன்று பக்கெட்தான். தொட்டியில் முக்கால்வாசி மண் மிச்சமிருக்க வேண்டும். தகரத்தைத் தூக்கினாள்.

காலி.

ஒரு பிடி மண் இல்லை. சிமென்ட் அடித்தளம் வரை, துடைத்தது போல. நான்கு பக்கச் சுவரிலும் மேலிருந்து கீழாக வழித்த தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் நான்கு கோடுகள். பக்கத்தில் ஒன்று, குட்டையாக.

பக்கெட் கையிலிருந்து விழுந்தது.

உள்ளே சிட்டு சிரித்தாள்.

ஏழு மாதத்தில் அவள் கேட்டிராத சிரிப்பு. வயிறு குலுங்கக் குலுங்க, யாரோ கிச்சுக்கிச்சு மூட்டினால் வருகிற சிரிப்பு. அவள் ஓடினாள். சமையலறை. நடை. திரை மூடிய அறை. அந்த வாசனை, தலைமுடியின் வாசனை, மூச்சை அடைத்தது.

சிட்டு நாற்காலியில் மண்டியிட்டிருந்தாள். வலது கை சுரங்கத்துக்குள். தோள் வரைக்கும். கன்னம் மண்ணின் மேல். கண் மூடியிருந்தது.

அவள் பெட்டியின் பக்கம் பார்த்தாள். தெளிவான சுவர். கறுப்புக் கோடு. ஒன்பது முட்டைகள். மகாராணியின் சுரங்கம், அடிவரை, வெட்டிவைத்த படம் போலத் தெரிந்தது.

சுரங்கத்துக்குள் சிட்டுவின் கை இல்லை.

சிட்டுவின் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இழுத்தாள். பிள்ளை வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். கீழேயிருந்து பதில் இழுப்பு வந்தது. பலமாக இல்லை. மெதுவாக. ஆசையாக. நடை பழகுகிற குழந்தையை ஒரு விரல் கொடுத்து, ஓர் அடி, இன்னும் ஓர் அடி என்று கூட்டிப்போகிற இழுப்பு. அவள் நிறுத்தினால் அதுவும் நின்றது. அவள் மூச்சு விட்டால் அது இழுத்தது.

"சித்தி," என்றாள் சிட்டு.

ஏழு மாதமாக இவள் காத்திருந்த வார்த்தை.

"விடுங்க சித்தி. அம்மா கையப் பிடிச்சிட்டாங்க."

அவள் விடவில்லை. முகத்தைப் பிள்ளையின் முதுகில் புதைத்துக்கொண்டாள். அந்தச் சின்ன முதுகுக்குள், எலும்பின் வழியாக, தட்டல் கேட்டது. தட்டு. தட்டு. தட்டு. கண்ணாடித் தொட்டியில் மகாராணி மூலையைப் பிறாண்டத் தொடங்கியது. வெளியே மழை விழுந்தது.

மண் இறங்கியது.

வாரம் முழுக்க ஏறிய மண், சத்தமில்லாமல் இறங்கியது. அதோடு சிட்டுவின் தோள் இறங்கியது. கழுத்து இறங்கியது. சிரிக்கிற உதட்டின் ஓரம் மண்ணுக்குள் போனது. அவள் கட்டிய கையை விடாமல், நனைந்த கண்ணால் அந்தக் கறுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண் கோட்டைத் தொட்டது.

கோட்டுக்குக் கீழே ஒரு விரல்.

இரண்டு விரல்.